ரிசீவர் வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

கம்ப்யூட்டரை டிவியுடன் இணைத்துப் படம் பார்க்கத் தொடங்கியவர்கள் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் கிடக்கிறது. இதை வைத்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா?" கடைக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். என்னுடைய பதில் வேறு. பலருக்கு அதை மாற்றவே தேவையில்லை. மாற்ற வேண்டியவர்களும் பெட்டியின் முன்பக்கம் ஒட்டியிருக்கும் லோகோக்களைப் பார்த்து வாங்கக் கூடாது.

ரிசீவர் என்பது என்ன? டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியை வாங்கி, சேனல் வாரியாகப் பிரித்து, ஸ்பீக்கர்களை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் பெட்டி. 5.1 என்றால் முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, கூடவே அதிர்வுக்கு ஒரு சப்ஊஃபர். இதில் நடு ஸ்பீக்கரைத்தான் யாரும் மதிப்பதில்லை. ஆனால் படத்தில் பேசப்படும் வசனத்தில் பெரும்பகுதி வருவது அதன் வழியாகத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அத்திப்பட்டு புதுநகரில் எங்கள் வீட்டில் 2007-ல் வாங்கிய ரிசீவர் இருந்தது. சென்ற ஆண்டு அதன் நடு சேனல் மட்டும் ஊமையாகிவிட்டது. மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் நன்றாகவே ஒலித்தன. எனக்குக்கூட முதலில் அது பெரிதாகத் தெரியவில்லை. அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அவர்களுக்குக் காது சற்று மந்தம். மழை இரைச்சலும் பின்னணி இசையும் கேட்கிறது, பேசுவது மட்டும் கேட்கவில்லை என்றால் யார்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்? இரண்டு வாரத்தில் அவர்கள் டிவி பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்கள். "எனக்கு எதுக்குப்பா, நீங்க பாருங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டினேன். ஒலியைப் பிரிக்கும் போர்டில் ஐ.சி. போய்விட்டது, இப்போது கிடைக்காது என்றார் மெக்கானிக். கிடைத்திருந்தால் சரிசெய்யவே சொல்லியிருப்பேன். ரிலே, கெப்பாசிட்டர், வால்யூம் கண்ட்ரோல் போன்ற கோளாறுகள் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதற்குப் போய் முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவழிக்க வேண்டாம்.

"பழைய ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இல்லையே, அதனால் மாற்றத்தானே வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். படம் நேராக டிவிக்குப் போகட்டும். டிவியின் பின்புறம் உள்ள ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரு கேபிள் ரிசீவருக்கு வந்தால் டால்பி டிஜிட்டல் 5.1 தாராளமாகக் கிடைக்கும். கம்ப்யூட்டரிலும் வழி உண்டு. உங்கள் மதர்போர்டில் பச்சை, கருப்பு, ஆரஞ்சு நிறத்தில் மூன்று துளைகள் இருந்தால், பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கு, கருப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்ஊஃபருக்கும். பழைய ரிசீவர்களில் ஆறு சேனல் அனலாக் இன்புட் இருக்கும், நேராகச் சொருகிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், இன்றைய சாதாரண விலை ரிசீவர்களில் இந்த வசதியை எடுத்தேவிட்டார்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால்? முதலில் வாட்ஸ் என்ற மாயையை விடுங்கள். ஒரு காலத்தில் ஆடியோ செட் விளம்பரங்களில் பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதுவார்கள். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. எழுதியவர் மனசுதான் அளவு. இன்று அப்படி எழுதுவது குறைந்துவிட்டது. ஆனால் வேறு தந்திரம் வந்திருக்கிறது. "ஒரு சேனலுக்கு 150 வாட்ஸ்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தில் பார்த்தால் ஒரே ஒரு சேனல் இயங்கும்போது, 6 ஓம்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் என்று இருக்கும். பத்து சதவீத டிஸ்டார்ஷன் என்றால் திருவிழா ஒலிபெருக்கி கிழிந்து கத்துகிற நிலை. நீங்கள் தேட வேண்டியது இன்னொரு வரி: இரண்டு சேனல் இயங்கும்போது, 8 ஓம்ஸில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எத்தனை வாட்ஸ். அந்த எண் பாதியாகக் குறைந்திருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதுதான் உண்மை எண்.

குறைந்த எண் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் தரும். வாட்ஸ் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். ஆக 16 வாட்ஸில் 100 டெசிபல். நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 8 டெசிபல் குறையும்; 92 கிடைக்கும். நம் பன்னிரண்டுக்குப் பத்து அடி ஹாலில் அவ்வளவு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நூற்றைம்பது வாட்ஸ் எதற்கு?

அடுத்து அட்மாஸ். ரஜினியின் 'சிவாஜி' 2012-ல் 3டி-யில் வந்தபோது, டால்பி அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம் அது. தியேட்டரில் கேட்டுப் பரவசப்பட்டவர்கள் வீட்டுக்கும் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அட்மாஸ் என்றால் மேலிருந்து ஒலி வர வேண்டும். கூரையில் ஸ்பீக்கர் பொருத்த வேண்டும், அல்லது மேல்நோக்கி ஒலித்து கூரையில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும், நடுவே மின்விசிறி சுழலும் ஹாலிலும் அது எப்படி ஒலிக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அந்தப் பணத்தை நல்ல நடு ஸ்பீக்கரில் போடுங்கள் என்பது என் கட்சி.

இப்போது பெட்டியைத் திருப்புங்கள். கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு முக்கியமானது பின்பக்க எச்.டி.எம்.ஐ. துளைகள்தான். கம்ப்யூட்டரை டிவியில் சொருகி, டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. வழியாக ரிசீவருக்குக் கொண்டுவந்தால் விளையாட்டுகளின் ஒலி பெரும்பாலும் இரண்டு சேனலாகச் சுருங்கிவிடும். இ.ஏ.ஆர்.சி. இரண்டு பக்கமும் இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். எளிய வழி, கம்ப்யூட்டரை நேராக ரிசீவரில் சொருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோவது. பிறகு விண்டோஸில் சவுண்ட் செட்டிங்கில் போய் ஸ்பீக்கரை 5.1 என்று நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "பின் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை" என்று ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. புளூடூத்தை நம்ப வேண்டாம். அதில் வருவது இரண்டே சேனல், உதடு ஒரு நேரத்திலும் ஒலி ஒரு நேரத்திலும் வரும்.

புத்தம் புதிய மாடலுக்கு ஓடாதீர்கள் என்றும் சொல்வேன். 2020-ல் எச்.டி.எம்.ஐ. 2.1 வசதியுடன் வந்த டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்களில் ஒரு சிப் கோளாறால், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் தரும் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் டிவிக்குப் போய்ச் சேரவில்லை. சிலர் கூடுதல் அடாப்டர் கொடுத்தார்கள், சிலர் போர்டையே மாற்றினார்கள். பெரிய பெயர்களுக்கே இந்த நிலை. ஒரு வருடம் பொறுத்தால் கோளாறும் தெரியும், விலையும் இறங்கும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவருகிறார், பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர், துபாய் செட் நம் 230 வோல்டில் ஓடும். அமெரிக்க செட் 120 வோல்ட், ஜப்பான் செட் 100 வோல்ட். அப்படியே சொருகினால் புகைதான் வரும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் வாரண்டி இங்கே செல்லாது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. எண்ணூர் கடலின் உப்புக் காற்று, நிலக்கரித் தூசி, அனல் மின் நிலையச் சாம்பல் மூன்றும் சேர்ந்து வீட்டுக்குள் வருகின்றன. ரிசீவரின் மேல் மூடியில் உள்ள துளைகள் வெப்பம் வெளியேறத்தான். தூசிக்குப் பயந்து அதன் மேல் பூவேலைத் துணி போர்த்தி ஓட்டாதீர்கள். அணைத்து, ஆறிய பிறகு போர்த்துங்கள். ஸ்பீக்கர் ஒயர் முனையில் பச்சை படிந்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு புதிதாகச் சீவிச் சொருகுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சப்ஊஃபர்கூடத் தரையில் இல்லை, சிமெண்ட் கல் மேல் இருக்கிறது. ஒலி சற்று மாறத்தான் செய்கிறது, போகட்டும்.

கடைசியில் நான் வாங்கியது சாதாரண 5.1 ரிசீவர். நான்கு எச்.டி.எம்.ஐ. இன்புட், கூடவே வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து ஒலியைத் தானாகச் சரிசெய்யும் வசதி. பழைய ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கின்றன. மைக் அளந்து சொன்ன அளவுக்கு மேல் நடு சேனலை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். எனக்குக் கொஞ்சம் உரத்துதான் கேட்கிறது. அம்மா சேனல் மாற்ற விடுவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உங்கள் ஸ்பீக்கரில் ஒன்றையும், முடிந்தால் லேப்டாப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.