பள்ளியில் ஓர் ஆலோசகர் உட்காரட்டும்

மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். எங்கள் பள்ளிச் சுவரில் 1098, 14417 இரண்டு உதவி எண்களும் பெயின்டில் பளிச்சென்று இருக்கின்றன. மனநல ஆலோசனைக்கென்றே 14416 டெலிமானஸ் 2022 அக்டோபரில் வந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எந்தப் போனில் பேசுவாள்? வீட்டிலிருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில். அது கையில் கிடைத்தாலும், ஒற்றை அறை வீட்டில் அப்பாவின் குடியைப் பற்றி அவர் காதுபடவா சொல்வாள்?

என் வகுப்பில் ஒரு மாணவி. கணக்கில் படு சூட்டிகை. திங்கட்கிழமையானால் வயிற்றுவலி என்று பெஞ்சில் சாய்ந்துவிடுவாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "எதையோ பார்த்துப் பயந்திருக்கு சார்" என்று அவள் அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவந்தார். அதைக் கேலி பேச எனக்கு மனமில்லை. மகளுக்காக ஒருநாள் கூலியை விட்டவர் அவர். மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றபோதுதான் முகம் சுண்டிப்போனது. "பைத்தியம்னு பேராயிரும் சார். நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

மதுரையில் வைத்தியத்துக்கு வழியில்லாமல் இல்லை. ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் மனநலத்துக்கான செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. எங்கள் வகுப்பறைக்கும் அந்த வாசலுக்கும் நடுவில்தான் ஆள் இல்லை. மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் பிள்ளையை அன்றாடம் பார்ப்பது பள்ளிதான்.

ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துவிடலாமே என்பார்கள். காலையில் மார்க் குறைந்ததற்குக் கடிந்துகொண்ட என்னிடமே மத்தியானம் வந்து மனம்விட்டுப் பேசுமா பிள்ளை?

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வந்து மைக் பிடித்துப் பேசிவிட்டுப் போகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பி.டி. வாத்தியாரைப் போல நிரந்தரப் பணியிடம் வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு முன்னால் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துப் பள்ளிகளில் தொடங்குங்கள். அறை இல்லை என்று கோப்பில் எழுத வேண்டாம். உடைந்த பெஞ்சுகளை அள்ளிப்போட்டுவிட்டு எங்கள் ஸ்டோர் ரூமையே தருகிறோம்.