தாதியின் முதுகுக்குக் காவல் யார்?

கைதேர்ந்த உழவன் நெல் மூடையைக் குனிந்து வாரித் தூக்கான். முழங்காலை மடித்து, மூடையை மார்போடணைத்தே எழுவான். ஆயின் நோயாளி மூடையல்லர். பற்றிப் பிடிக்கக் காதுகள் இல்லை, நடுவில் தளர்வார், அச்சத்தால் தாதியின் கழுத்தையே பற்றுவார். கட்டிலின் குறுக்கே எட்டிக் குனிந்து தூக்குங்கால், அப்பாரம் இடுப்பு முள்ளந்தண்டிற் பன்மடங்காக இறங்குகின்றது.

அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் வாட்டர்ஸ், நல்ல சூழலிலும் ஒருவர் கையாற் தூக்கத்தக்க நோயாளியின் பாரம் ஏறத்தாழ 16 கிலோகிராமே என 2007 இல் வரையறுத்தார். பருத்த ஒருவரின் ஒரு காலே அந்நிறை இருக்குமன்றோ?

அங்ஙனமாயின், “முறையாகத் தூக்கப் பழகுங்கள்” என்று தாதியருக்கு உபதேசித்தல் மட்டும் போதுமா? போதாது. ஆபத்தான கைத்தூக்கலை இயன்றவரை தவிர்ப்பது வேலைகொள்வோரின் கடமையெனப் பிரித்தானியா 1992 இல் விதி செய்தது. கலிபோர்னியா 2011 இல் மருத்துவமனைகளுக்கென்றே சட்டம் இயற்றியது.

நம் நாட்டு வைத்தியசாலைகளுக்கும் நாம் கேட்பது இதுவே. உயரம் மாற்றத்தக்க கட்டில், நோயாளியை நகர்த்தும் வழுக்கு விரிப்பு, தூக்குபொறி, போதிய ஊழியர் ஆகியன சலுகைகளல்ல. தாதியரதும் சிற்றூழியரதும் உரிமைகள்.

வீட்டில் முதியோரைப் பேணுவோரும் ஒன்றறிக: தனித்துத் தூக்காதீர். கட்டிலை அண்மி, கால்களை அகற்றி ஊன்றி, முதுகைத் திருகாது, இருவராய்ச் சேர்ந்து நகர்த்துக. தாமாக அசையக்கூடியவரை அசையவிடுக.

பிணி தீர்க்க வந்தவரையே பிணியாளராக்கும் சேவையை நாம் தியாகமென்று புகழ்ந்து வாளாவிருத்தல் தகாது.