வற்றாத ஊற்று

நம் வீட்டுப் பாத்திரத்தில் உள்ள அலுமினியமும், நம் குருதியில் உள்ள இரும்பும் எங்கே பிறந்தன? விண்மீன்களிலே பிறந்தன என்பர் அறிஞர். அப்படைப்புத் தொழில் என்றோ முடிந்துவிட்டதா? இன்றும் நடைபெறுகின்றதா? இவ்வினாவிற்கு ஊகத்தால் அன்றிச் சான்றால் விடை காண்டல் வேண்டும்.

அச்சான்றைத் தருவது அலுமினியம்-26 என்னும் கதிரியக்க அணு. நம் பாத்திரத்தில் உள்ள அலுமினியம்-27 சிதைவதில்லை. அலுமினியம்-26 அத்தகையது அன்று. ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளில் அதிற் பாதி சிதைந்து மக்னீசியமாகிவிடும். அப்போது ஏறத்தாழ 18 இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய காமாக் கதிர் வெளிப்படும். இவ்வாறு காமாக் கதிர் விடும் கதிரியக்க அணு ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலுடன் அதனை விடும். ஆதலின், குரல் கேட்டு ஆளை அறிவதுபோல, கதிரைக் கொண்டு அணுவை அறியலாம்.

காமாக் கதிரை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். எனவே, காற்று மண்டலத்திற்கு மேலே சென்று நோக்குதல் வேண்டும். 1979-இல் அமெரிக்கா ஏவிய ஹீயோ-3 என்னும் செயற்கைக்கோளே அலுமினியத்தின் இக்கதிரை விண்ணில் முதன்முதற் கண்டது. பின்னர், 2002-இல் ஏவப்பெற்ற ஐரோப்பியரின் இன்டெகரல் செயற்கைக்கோளைக் கொண்டு அறிஞர் கணக்கிட்டனர். பால்வழி மண்டலத்தில் ஏறத்தாழ 3 சூரியன்களின் நிறையளவு அலுமினியம்-26 உண்டென 2006-இல் அறிவித்தனர்.

இங்கே சிறிது சிந்தியுங்கள். பால்வழி மண்டலத்தின் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. தொடக்கத்தில் மட்டுமே அவ்வலுமினியம் தோன்றியிருப்பின், இன்று ஓரணுவும் எஞ்சியிராது. இறைக்க இறைக்க வற்றாத கிணற்றின் அடியில் ஊற்று உண்டு அன்றோ? அதுபோல விண்ணிலும் படைப்பின் ஊற்று இன்றும் சுரக்கின்றது.

"இவ்வறிவால் பசி தீருமா?" என்று சிலர் வினவுவர். தீராதுதான். ஆயினும், நம் உடலின் பிறப்பிடத்தை அறிவது வீண் வேலை ஆகாது. மேலும், அழியும் சான்று நமக்காகக் காத்திராது. 1987-இல் அண்டை மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. அதிற் பிறந்த கோபால்ட்-56 என்னும் அணு 77 நாட்களிற் பாதியாகக் குறைவது. சூரியனை ஆராய ஏவிய செயற்கைக்கோள் ஒன்று அப்போது விண்ணில் இருந்தமையால் அதன் கதிர் அகப்பட்டது. நோக்கும் கருவியே இல்லையேல் அச்சான்று வீணே மறைந்திருக்கும்.

இன்டெகரலின் ஆய்வுப் பணி 2025-இல் முடிவுற்றது. 2027-இல் கோசி என்னும் செயற்கைக்கோளை ஏவ அமெரிக்கா திட்டமிட்டுள்ளது. இத்தகைய முயற்சி இடையறாது தொடர்தல் வேண்டும் என்பதே என் கருத்து. விண்மீன் நம்மிடம் நாள் குறித்துவிட்டு வெடிப்பதில்லை. விழித்திருப்பவனுக்கே அதன் செய்தி கிட்டும்.