வாசல்கள் பல, சாவி நிர்வாகத்திடம்

டெல்லி புசா ரோட்டில் கரோல் பாக், ராஜேந்திர பிளேஸ் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அலுவலகங்களும் பயிற்சி நிறுவனங்களும் நெருங்கி நிற்கின்றன. அங்கும் சரி, சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் சரி, இன்று அலுவலகங்களுக்கு விற்கப்படும் புதிய சரக்கு ஒன்றே: ஊழியரின் கேள்விக்கு விடை தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர். மைக்ரோசாப்டின் கோபைலட் வேர்டு, எக்செல், அவுட்லுக், டீம்ஸ் ஆகிய அன்றாடச் செயலிகளுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது, கைபேசியிலும் திறக்கிறது. எந்த வாசல் வழியாகவும் கேட்கலாம் என்பதே விற்பனையாளரின் பெருமை.

அந்த வாசல்களின் மறுபுறம் நிற்பது யார்? கேட்ட கேள்வியும் கிடைத்த விடையும் பதிவாகின்றன; நிர்வாகம் வேண்டும்போது அவற்றைத் தேடி எடுக்க முடியும். ஊழியரின் ஐயமே நாளை அவரது திறமையின்மைக்குச் சான்றாகலாம். கைபேசியில் திறக்கும் வாசல் இரவிலும் அடைபடுவதில்லை. வேலைநாளை நீட்டிக்கும் கருவியாக இயந்திரம் மாறுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்திலேயே விளக்கினார். விடைகளும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஊழியர்கள் பல்லாண்டுகளாக எழுதிய கோப்புகளும் மின்னஞ்சல்களுமே அவற்றின் மூலப்பொருள். நேற்றைய உழைப்பு இன்று இயந்திரத்தின் குரலில் பேசுகிறது. அதற்குக் கூலி மட்டும் இல்லை.

ஆபத்தை ஆட்சியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்தக் கூடாதென 2025 ஜனவரி 29 அன்று நிதியமைச்சகம் தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. அரசு ஆவணங்களின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது காரணம். தொழிலாளியின் இரகசியத்தைக் காக்க எந்தச் சுற்றறிக்கை வந்தது?

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமையே என்றது நிர்வாகம். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் வேலை இழப்பவர் தொழிலாளியே.

நாம் இயந்திரத்தின் பகைவர்கள் என்பது பழைய அவதூறு. 1960களில் கல்கத்தா இலாகோ ஹவுஸில் கணினி நுழையாதபடி எல்ஐசி ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் காத்தது, வேலையைக் காக்கவே. 1983 செப்டம்பர் 8 அன்று வங்கித் தொழிற்சங்கங்கள் நிர்வாகங்களுடன் ஒப்பந்தம் கண்டன. இயந்திரங்களை எங்கே, எந்த அளவில் பயன்படுத்தலாம் என்ற வரம்பு எழுத்தில் ஏறியது. இயந்திரம் வந்தது, பேரம் பேசும் உரிமையும் நின்றது.

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்திற்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இவ்விதி நீடிக்கிறது. எனினும் மென்பொருளைச் ‘சிறு மேம்பாடு’ என்று சொல்லி ஓசையின்றி நுழைப்பது நிர்வாகங்களுக்கு எளிது. சங்கம் இல்லாத அலுவலகத்தில் இவ்விதி காகிதமாகவே கிடக்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். சங்கத்துடன் எழுத்துமூல ஒப்பந்தம் இன்றி இத்தகைய உதவியாளர் நுழையக் கூடாது. கேள்விப் பதிவுகளைக் கொண்டு எவரையும் மதிப்பிடவோ தண்டிக்கவோ கூடாது. வேலைநேரம் முடிந்தபின் எந்தச் செயலிக்கும் பதிலளிக்க வேண்டிய கடமை இல்லை. மிச்சமாகும் நேரம் வேலைநேரக் குறைப்பாகத் தொழிலாளிக்கே திரும்ப வேண்டும்.

தோழர்களே, கேள்வி கேட்க ஆயிரம் வாசல் திறக்கும் நிர்வாகம், சங்கம் கேள்வி கேட்கும் ஒரே வாசலை அடைக்கப் பார்க்கிறது. புசா ரோடாயினும் பழைய மாமல்லபுரம் சாலையாயினும், அந்த வாசலைத் திறப்பதே நம் முதற்பணி.