சின்னசாமியின் பத்திரிகை

1904 மே மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சிறிய மலையாளப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ். பெயர், விவேகோதயம். நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு முந்தைய ஆண்டு பதிவான ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகத்தின் பத்திரிகை அது. பெயருக்கு ஆசிரியர் வேறொருவர். எழுதுவது, பிறரை எழுதவைப்பது, திருத்துவது எல்லாம் யோகத்தின் செயலாளர் குமாரன் தலையில் விழுந்தது. யோகத்தின் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் ஏற்கெனவே அவர் தலையில்தான் இருந்தன.

பின்னால் கேரளம் மகாகவி என்று கொண்டாடிய குமாரன் ஆசான்தான் அவர். அன்று வயது 31. பெங்களூரிலும் கல்கத்தாவிலும் சமஸ்கிருதம் படித்துவிட்டு குருவிடமே திரும்பி வந்தவர். குருவின் வட்டாரத்தில் அவருக்கு வழங்கிய பெயர் சின்னசாமி.

தமிழ்ப் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. அன்றைய திருவனந்தபுரத்தில் தத்துவம் தமிழிலும் பேசப்பட்டது. நாராயண குருவுக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் யோக சாதனையில் வழிகாட்டியவராகச் சொல்லப்படும் தைக்காடு அய்யா, தமிழ்நாட்டிலிருந்து போய் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை அங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நாராயண குருவே தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார்; திருக்குறளிலும் ஒழிவிலொடுக்கத்திலும் சில பகுதிகளை மலையாளத்தில் தந்திருக்கிறார்.

யோகம் என்றதும் நமக்குப் பத்மாசனம் நினைவுக்கு வரலாம். மலையாளத்தில் அதற்குச் சங்கம், கூட்டம் என்று பொருள். நெய்யாற்றங்கரை அருகே அருவிப்புறத்தில் 1888இல் குரு சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் ஒருவர் பிரதிஷ்டை செய்வதா என்று ஊர் அதிர்ந்தது. அந்தக் கோயிலைக் கவனித்துக்கொள்ள ஏற்பட்ட சிறு கூட்டம்தான் வளர்ந்து யோகமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், தர்மத்தைப் பரிபாலிக்க வந்த இந்த அமைப்பு பதிவானது கம்பெனிச் சட்டத்தின் கீழ்.

அந்தச் சட்டபூர்வமான உருவத்துக்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் பல்பு. திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்துத் தேறி, ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் அரசுப் பணிக்குப் போனவர். 1896இல் 13,176 கையெழுத்துகளுடன் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார். அதற்கும் முன்பே மைசூர் ராஜ்யத்தில் விவேகானந்தரைச் சந்தித்திருந்தார். மனுவோடு நில்லாமல் ஓர் ஆன்மிக குருவை முன்னிறுத்தி மக்களைத் திரட்டுமாறு அவர் ஆலோசனை சொன்னதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகையின் பெயரில் விவேகம் உதயமானதற்கு அந்தச் சந்திப்பே காரணம் என்பார்கள். பெயர் வைத்தபோது விவேகானந்தர் காலமாகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அவருடைய ஊக்கத்தில் அதற்கு முன்பே சென்னையிலும் ஒரு பத்திரிகை தொடங்கியிருந்தது. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யரை ஆசிரியராகக் கொண்டு 1896 ஜூலையில் வந்த பிரபுத்த பாரதம். ஆங்கில மாத இதழ். படித்தவர்களுக்கு வேதாந்தம் சொல்வது ஒன்றே அதன் வேலை. 1898 மே மாதம் ராஜமய்யர் 26 வயதில் இறந்ததும் சென்னையில் பத்திரிகை நின்றது. ஆகஸ்டில் அல்மோராவில் மறுபடி உயிர் பெற்று இன்றுவரை வருகிறது. அதன் வாசகர்களில் எவரும் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கப்போவதில்லை.

ஆசானின் வாசகர்களுக்கு அதுதான் பிரச்னை. அரசுப் பள்ளிகள் பலவற்றின் கதவு ஈழவப் பிள்ளைகளுக்குத் திறக்காத காலம். அரசு வேலை கனவு. கோயில் வீதிகளில் நடக்க முடியாது. இவர்களுக்கு அத்வைதம் சொல்ல வந்த பத்திரிகை, எல்லாம் ஒன்று என்று எழுதிவிட்டு ஒதுங்க முடியுமா? விவேகோதயத்தில் தத்துவமும் யோகத்தின் நடவடிக்கைகளும் இலக்கிய விமர்சனமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. விவேகானந்தரின் ராஜயோகத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்த அதே கைதான் கல்வி உரிமைக்காகவும் எழுதியது. திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அங்கத்தினராகி, அங்கே எழுந்து நின்று அதையே பேசியது. இந்தக் கலவைதான் அந்தப் பத்திரிகையின் உயிர். தத்துவ இதழ்கள் பலவற்றில் வீசும் பூஜையறை வாடையிலிருந்து அதைக் காப்பாற்றியதும் இதுவே. வள்ளத்தோளின் சித்ரயோகம் என்ற மகாகாவியத்தை ஆசான் தாட்சண்யமின்றி விமர்சித்ததும் இந்தப் பக்கங்களில்தான். சமூகப் பத்திரிகையில் காவிய விமர்சனம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பக்கங்களில் முதலில் இடம்பெறாதவை இரண்டு உண்டு.

ஒன்று ஆசானுடையது. மலையாளக் கவிதையின் திசையையே திருப்பிய வீணபூவு 1907இல் வெளியானபோது, அதைத் தாங்கி வந்தது தலச்சேரியில் மூர்க்கோத்து குமாரன் நடத்திய மிதவாதி. தன் கையிலேயே பத்திரிகை இருந்தும் கவிஞர் தன் பூவை அடுத்த வீட்டில் வைத்தார். ஆசிரியர் தன் கவிதையைத் தன் இதழிலேயே போட்டுக்கொள்வதில் உள்ள கூச்சமாக இருக்கலாம். பத்திரிகைக்காரர்களில் அந்தக் கூச்சம் அபூர்வம்.

மற்றது குருவுடையது. இது கூச்சம் சம்பந்தப்பட்டதல்ல. 1916 மே மாதம் நாராயண குரு டாக்டர் பல்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். யோகம் தம் அறிவுக்கு வராமலே தீர்மானங்கள் போடுகிறது, அதில் ஜாதி அபிமானம் பெருகிவருகிறது, மனதால் முன்பே விட்ட யோகத்தை இப்போது சொல்லாலும் செயலாலும் விடுகிறேன் என்பது அதன் சாரம். பல்புவுக்கு இதைவிடப் பெரிய அடி இருந்திருக்க முடியாது. அடுத்து, தாம் ஜாதி மத பேதங்களை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன என்றும், எந்தத் தனி ஜாதிக்கும் மதத்துக்கும் உரியவரல்ல என்றும், அப்படி விட்டவர்களை மட்டுமே ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் வாரிசுச் சீடர்களாக ஏற்போம் என்றும் ஓர் அறிக்கை தந்தார். அது வெளியானது பிரபுத்த கேரளத்தில், அதாவது ராமகிருஷ்ண இயக்கத்தின் மலையாளப் பத்திரிகையில்.

குருவின் பெயரில் அமைப்பு, அந்த அமைப்புக்குப் பத்திரிகை, அதற்குக் குருவின் பிரிய சிஷ்யனே ஆசிரியர். இவ்வளவும் இருந்தும் குரு தம்மைப் பற்றிச் சொன்ன மிக முக்கியமான வாக்கியங்களுக்கு வேறு முகவரி தேவைப்பட்டது. ஜாதியால் மிதிபட்டவர்கள் ஒன்றுசேர ஜாதியின் பெயரைத்தான் முதலில் உச்சரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர் பிறகு நாக்கில் ஒட்டிக்கொண்டது. இதற்கு ஆசானைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கதவு திறக்கும்வரை கூட்டம் கலையக் கூடாது என்பது செயலாளரின் கவலை. சிஷ்யனின் கவலை வேறு. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. 1916க்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் அவர் செயலாளர் பதவியில் நீடித்தார், 1919இல் விலகினார். 1922இல் வந்த துரவஸ்தாவும் சண்டாளபிக்ஷுகியும் ஜாதியை எந்தப் பக்கமும் சாயாமல் நேருக்கு நேர் பார்க்கின்றன. 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து அவர் இறந்தபோது வயது 50.

குருவின் தத்துவத்துக்கென்று மட்டும் ஒரு பத்திரிகை பிறகு வந்தது. அதற்கு வழிசெய்தவர் டாக்டர் பல்புவின் சொந்த மகன். நடராஜன் என்ற அந்த இளைஞர் தகப்பனார் உருவாக்கிய அமைப்பின் பக்கம் போகாமல் குருவின் பக்கம் போனார். 1923இல் நீலகிரியில் நாராயண குருகுலத்தைத் தொடங்கி, பாரிஸ் ஸோர்போனில் டாக்டர் பட்டம் பெற்று, நடராஜ குரு ஆனார். அவருடைய சீடரான ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஸ்பியர்ஸ் 1955இல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வால்யூஸ் என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். அதில் ஜாதி இல்லை, மனு இல்லை, பள்ளிக்கூடப் பிரச்னை இல்லை. ஆங்கிலம் தெரிந்து, தத்துவம் படிக்கப் பொறுமையும் உள்ளவர்களுக்கான பத்திரிகை. நடராஜ குருவின் சுயசரிதை அதில்தான் தொடராக வந்தது. பேட்டையில் பல்புவின் உறவுக்காரர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ. பல்பு படித்திருக்க வழியில்லை. அவர் 1950இலேயே காலமாகிவிட்டார்.