சமச்சீர்த் தாயங்களும் சூத்திர வழிபாடும்

சமச்சீர்த் தாயமொன்றின் நூறாம் வலுவைக் காண்பது எங்ஙனம் என வினவின், கணித மாணவர் பெரும்பாலார் தயங்காது விடை பகர்வர்: ஐகன் பெறுமானங்களைக் காண்க; தாயத்தை மூலைவிட்ட வடிவுக்குக் கொணர்க; மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் நூறாம் வலுவுக்கு உயர்த்துக. இரு நிரைத் தாயத்துக்கு இவ்விடை முழுப் புள்ளி பெறும், பெறவும் வேண்டும். ஆயிரம் நிரைத் தாயத்தைக் கணினியில் கையாள்வோருக்கும் இதுவே சிக்கனமான வழியெனப் போதிப்பதுதான் தவறு.

'ஐகன் பெறுமானங்களைக் காண்க' என்பது தாளில் ஒரு வரி. ஆனால், நான்காம் படிக்கு மேற்பட்ட பொதுச் சமன்பாடுகளுக்கு மூலக்குறிகளாலான தீர்வில்லை என்பதை ஆபெல் 1824இலேயே நிறுவிவிட்டார். ஆகவே கணினி மீள்செய்கையாலேயே அப்பெறுமானங்களை அணுகுகிறது. தாயத்தின் வரிசை ந ஆயின், ஐகன் காவிகளையும் சேர்த்துக் காண ஏறத்தாழ 9ந³ செய்கைகள் தேவை. விடையை மீளக் கட்ட மேலும் ந³.

மறுபுறம், அடுத்தடுத்து வர்க்கிக்கும் முறை உண்டு. நூறாம் வலுவுக்கு 99 பெருக்கல்கள் வேண்டியதில்லை. ஆறு வர்க்கங்களும் இரண்டு பெருக்கல்களும் போதும். சமச்சீரின் கொடை இங்கேதான் கிடைக்கிறது. சமச்சீர்த் தாயத்தின் வர்க்கமும் சமச்சீரானது. அதில் பாதியைக் கணித்து மறுபாதியைப் பிரதி செய்யலாம். 2ந³ ஆக இருந்த வேலை ந³ ஆகக் குறைகிறது. மொத்தம் 10ந³. எண்ணிக்கையில் இரு வழிகளும் சமம் எனலாம். ஆயின் பெருக்கல் கணினியின் உச்ச வேகத்தை நெருங்கி ஓடுவது. மூலைவிட்டமாக்கலின் பெரும்பகுதி நினைவகத்துக்காகக் காத்துக் கிடப்பது. ஐந்தாம் வலுவுக்கோ 4ந³ போதும். அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை.

மென்பொருள் ஆக்கியோரும் குற்றத்திலிருந்து தப்பார். நம்பையின் வலுக்காணும் செய்நிரல் வர்க்கித்தே செல்கிறது, நன்று. ஆனால் தாயம் சமச்சீரானதா என அது கேட்பதேயில்லை. அதே தாயத்தை அதன் நிரை நிரல் மாற்றிய வடிவால் பெருக்குமாறு எழுதினால், அதே நம்பை 'டிசிர்க்' என்னும் பிளாஸ் செய்நிரலை அழைத்துப் பாதி வேலையோடு முடித்துவிடும். 'டிசிம்' என்னும் மற்றொன்றின் பெயரில் சமச்சீர் உண்டு. அது படிப்பது பாதித் தாயத்தை, செய்வது முழு வேலையை. பெயரை நம்பி ஏமாந்தோர் பலர்.

பின்ன வலுக்கள், வர்க்கமூலம், ஒரே தாயத்தின் பற்பல வலுக்கள் ஆகியவற்றுக்கு ஐகன் வழி தக்கதே. சமச்சீர்த் தாயத்தின் ஐகன் காவிகளை நிமிர்கோணமாகத் தெரிய முடிவதால் வழுவும் பெருகுவதில்லை. இதை மறுப்பார் எவருமிலர்.

ஆயினும் இப்பூசலே பல வேளைகளில் வீண். வேண்டப்படுவது பெரும்பாலும் வலுவன்று. அவ்வலு ஒரு காவிமீது செயற்பட்டுத் தரும் விளைவே. ஆயிரம் நிரைத் தாயத்தின் பத்தாம் வலுவை ஐகன் வழியில் ஆக்க 1000 கோடிச் செய்கைகள். பாதி வேலை வர்க்கத்தால் ஆக்க 500 கோடி. வலுவை ஆக்காது, காவியைத் தாயத்தால் பத்து முறை பெருக்கினால் 2 கோடி.