கேட்டோவின் குதிரை

அலுவலகத் தலைமைப்பண்பு வகுப்புகளில் புளூட்டார்க்கின் பெயர் அடிபடுகிறது. வெற்றிபெற்றவர்களைப் புகழ்ந்து எழுதியவர் என்ற நினைப்பு. மூத்த கேட்டோவின் வாழ்க்கையை இவர்கள் படித்தார்களா என்பதே சந்தேகம்.

கேட்டோ ரோமானியச் சிக்கனத்தின் அடையாளம். புளூட்டார்க்கும் அவரை மெச்சத்தான் செய்கிறார். ஆனால் வயதான அடிமைகளுக்குத் தண்டச்சோறு எதற்கு, விற்றுவிடு என்று கேட்டோ சொல்லும் இடத்தில் கோபப்படுகிறார். ஸ்பெயினில் போருக்குச் சுமந்த குதிரையை, கப்பல் செலவு மிச்சம் என்று அங்கேயே விட்டுவந்ததையும் சொல்கிறார். பார்த்தெனான் கட்ட உழைத்த கோவேறு கழுதைகளை ஏதென்ஸ்காரர்கள் அவிழ்த்துவிட்டார்களாம். அதில் ஒன்று தானாகத் திரும்பிவந்து வண்டிகளுக்கு முன்னே நடந்ததாம்; சாகும்வரை ஊர்ச் செலவில் தீனி. உழைத்த கிழட்டு எருதைக்கூட நான் விற்கமாட்டேன் என்கிறார் புளூட்டார்க். (அடிமை முறையை அவர் அங்கே கேள்வி கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கேட்டோ இறந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர். பெரிய மனிதர், போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

ஐம்பதைத் தொட்ட சகாக்களின் பெயர்களை எக்செல் அட்டவணையில் பார்த்திருக்கிறேன். தலைப்பு: ‘செலவுக் குறைப்பு’. அடுத்த வகுப்பில் அந்தக் குதிரையின் பத்தியை உரக்க வாசிக்கட்டும்.